முருங்கை வைக்கலாமா? லேஅவுட் வீட்டின் வெளிப்புற விதிகள், புதியவர்களுக்கு

வேலூரை அடுத்த காட்பாடிப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் லேஅவுட். போன ஆடியில் எதிர்வீட்டு வாத்தியார் ஐயா ஒரு முருங்கைப் போத்து நட்டார். காம்பவுண்டுக்கு உள்ளேதான், ஆனால் தெருவை ஒட்டிய மூலையில். நான்காம் நாள் குடியிருப்போர் அசோசியேஷனிலிருந்து கடிதம் போனது: வீட்டு முன்புறத்தில் முருங்கைக்கு அனுமதியில்லை, ஒரு வாரத்தில் எடுத்துவிடவும். மனிதர் கடிதமும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, பத்திரம் என் பேர்ல, வீட்டு வரி என் பேர்ல. மண்ணு மட்டும் இவங்களுதா?"

அந்தக் கடிதத்தின் கீழே இருந்த கையெழுத்து என்னுடையது. தோட்டப் பொறுப்பு என்று ஒன்றை அந்த வருடம் என் தலையில் கட்டியிருந்தார்கள். அவரை உட்காரவைத்து மோர் கொடுத்துப் பதில் சொல்ல ஆரம்பித்த பிறகுதான், அந்த விதி எங்கிருந்து வந்தது என்பது எனக்கே சரியாகத் தெரியாது என்று புரிந்தது. அதற்கப்புறம் தேடிப் படித்ததையும், கமிட்டியில் இருந்து பட்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். புதிதாக மனை வாங்கியவர்கள், வில்லாவுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள், சத்துவாச்சாரியிலோ பாகாயத்திலோ தனி வீட்டில் இருந்து பழகிவிட்டு இப்போது கேட் போட்ட குடியிருப்புக்கு வருகிறவர்கள், இவர்களுக்காக.

முதலில் ஒரு அடிப்படை. பழைய தெருக்களில் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, சாலையும் சாக்கடையும் பின்னால் வந்தன. திட்டமிட்ட குடியிருப்பில் இது தலைகீழ். முதல் வீட்டுக்கு வானம் தோண்டுவதற்கு முன்பே சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, தண்ணீர்க் குழாய், மனை எல்லை எல்லாம் ஒரே வரைபடத்தில் வந்துவிடும். அதனால் உங்கள் வீட்டு வெளிப்புறத்தில் நீங்கள் செய்வது பக்கத்து வீட்டின் தண்ணீரையோ வெளிச்சத்தையோ வழியையோ தொடாமல் இருப்பது கஷ்டம். உள்ளே சமையலறைக்கு எந்த டைல்ஸ் போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மரம், வேலி, காம்பவுண்ட் சுவர், காரேற்றும் சாய்தளம், பேவர் பிளாக், சுவர் வண்ணம், ஏசியின் வெளிப்பெட்டி, துணிக்கொடி, பெயர்ப்பலகை என்று வந்தால்தான் கேள்வி வரும்.

அந்த விதி எந்தத் தாளில் இருக்கிறது?

யாராவது "இது கூடாது" என்று சொன்னால் கோபப்படுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எல்லா விதிகளும் ஒரே பலம் கொண்டவை அல்ல.

அதிகப் பலம் அரசு விதிகளுக்கு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ம் ஆண்டினது. கட்டடம் எவ்வளவு உயரம், சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையெல்லாம் இப்போது சொல்வது 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். நாம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் என்று சொல்வது இந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஒப்புதலைத்தான். வீட்டைச் சுற்றி விடும் செட்பேக் இதிலிருந்து வருகிறது. முனை மனைக்காரர்கள் காம்பவுண்ட் மூலையைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும் என்பதும் இதிலிருந்துதான். 2003-லிருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். இவற்றை அசோசியேஷன் தளர்த்த முடியாது, பொதுக்குழுவில் அத்தனை பேரும் கை தூக்கினாலும் முடியாது.

பூங்காவும் இந்த வகையில்தான் வரும். இதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கியே ஆக வேண்டும். 3,000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்ட லேஅவுட்டில் நிலம் விட முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில், அதாவது அரசு நிர்ணயித்த நில மதிப்பில், பணமாகக் கட்டிவிடலாம். இப்படி ஒதுக்கிய இடத்தையும் சாலைகளையும் மனைப்பிரிவு போட்டவர் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஆகவே மனைகளாக விற்ற லேஅவுட்டில் பூங்கா உங்களுடையதும் இல்லை, அசோசியேஷனுடையதும் இல்லை. மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொந்தம். செடி வைத்துப் பராமரிக்கலாம் என்றாலும் அதற்கும் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் சரி.

ஒவ்வொரு லேஅவுட்டிலும் ஒருவர் இருப்பார்: "பார்க் சும்மாதானே கிடக்கிறது, ஓரமாக ஒரு ஷெட் போடலாம், அசோசியேஷனுக்கு ஒரு ரூம் கட்டலாம்." அவரிடம் பெங்களூரு வழக்கைச் சொல்லுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதிக் குடியிருப்புவாசிகள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் குடியிருப்புவாசிகள் பக்கம் நின்றது. ஆஸ்பத்திரிக்கே இடமில்லை என்றான பிறகு ஷட்டில் விளையாட ஷெட் எம்மாத்திரம்?

ஒரே புராஜெக்ட்டாகக் கட்டி விற்ற வில்லா குடியிருப்பு வேறு கணக்கு. அங்கே உள்பாதை, புல்வெளி, கிளப் ஹவுஸ் போன்றவை பொதுப்பகுதி. 2016-ம் ஆண்டின் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டுமானக்காரர் அவற்றை உரிமையாளர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது.

இரண்டாவது தாள் உங்கள் கிரயப் பத்திரம். கையெழுத்துப் போடும் அன்று யாரும் அதை முழுதாகப் படிப்பதில்லை, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் நம் டோக்கன் நம்பர் எப்போது வரும் என்பதிலேயே கண் இருக்கும். நிலத்தைப் பற்றிய நிபந்தனைகள் அதில் இருக்கலாம்: முன்புறத்தில் கடை கட்டக் கூடாது, இந்த ஓரத்தை வடிகாலுக்கு விட வேண்டும் என்று. இப்படிப்பட்ட நிபந்தனைகளுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1808-ல் லண்டனில் லெஸ்டர் சதுக்கத்தின் நடுவே இருந்த தோட்டத்தை டல்க் என்பவர் விற்றார். தோட்டத்தைத் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும், கட்டடம் கட்டக் கூடாது என்று பத்திரத்தில் எழுதி விற்றார். அது கைமாறி மோக்ஸ்ஹே என்பவரிடம் வந்தது. "நான் அப்படி ஒப்புக்கொள்ளவில்லையே, முதலில் வாங்கியவர்தானே ஒப்புக்கொண்டார்" என்றார் அவர். நிபந்தனை இருப்பது தெரிந்துதானே வாங்கினாய், அது உன்னையும் கட்டும் என்று 1848-ல் தீர்ப்பு வந்தது. நம் நாட்டில் 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-வது பிரிவில் இதே எண்ணம் இருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம்: "இதைச் செய்யாதே" என்ற நிபந்தனை நிலத்தோடு அடுத்தவருக்குப் போகும். "வருடா வருடம் இதைச் செய், இவ்வளவு செலவழி" என்பது அவ்வளவு சுலபமாகப் போகாது. ரீசேலில் வாங்குகிறவர்கள் முந்தைய பத்திரத்தையும் வாங்கிப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

மூன்றாவது, பைலா, அதாவது அசோசியேஷனின் சொந்த விதித்தொகுப்பு. அசோசியேஷன்கள் பலவும் 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால் பைலா உங்களைக் கட்டும். அதை மாற்ற சிறப்புத் தீர்மானம் வேண்டும், அந்தத் தீர்மானம் பதிவாளரிடம் பதிவாகவும் வேண்டும். இதுவும் நல்லதற்குத்தான். இல்லாவிட்டால் ஒவ்வொரு செயலாளரும் தன் வீட்டு வாஸ்துவுக்கு ஏற்ப விதியைத் திருப்பிவிடுவார்.

கடைசியில் வருவது செயற்குழுவின் சுற்றறிக்கை, அதற்கும் கீழே வாட்ஸ்அப் செய்தி. பைலாவில் வேர் இருந்தால்தான் சுற்றறிக்கைக்கு உயிர். ராத்திரி பதினொரு மணிக்கு குரூப்பில் யாரோ போடும் "இனிமேல் எல்லோரும்..." என்ற வாய்ஸ் மெசேஜ் எந்தக் கணக்கிலும் வராது.

வாத்தியார் ஐயாவின் முருங்கைக்கு வருவோம். எங்கள் பைலா சொல்வது: தெருவுக்கோ அண்டை வீட்டுக்கோ இடையூறாகும் மரங்களை முன்புறத்தில் வளர்க்கக் கூடாது, அவை எவை என்று செயற்குழு பட்டியல் வெளியிடும். பட்டியல் இருந்தது, முருங்கை அதில் இருந்தது. ஆனால் அது அசோசியேஷன் அறையின் பீரோவில் இருந்தது. யாருக்கும் கொடுக்கவில்லை. விதி சரி, நாங்கள் நடந்துகொண்டதுதான் தப்பு. அவர் விதியை மீறினார் என்று சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை?

மரம்: இன்று கன்று, பத்து வருடத்தில்?

வெளிப்புற விதிகளில் மரத்தைப் பற்றியதுதான் முக்கியம் என்பேன். வண்ணம் பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் மாற்றி அடிக்கலாம். தப்பான இடத்தில் வைத்த மரம் பத்து வருடம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். அப்போது வெட்டவும் மனசு வராது.

முருங்கையை ஏன் முன்புறத்தில் தடுக்கிறார்கள்? அதன் கிளை மெத்தென்றது, காற்றில் படீரென்று முறியும். கீழே டூவீலரில் ஒரு பெண் போய்க்கொண்டிருக்கலாம். அடுத்தது கம்பளிப்பூச்சி. மழை தொடங்கியதும் அடிமரத்தில் அப்பிக்கொண்டு இருக்கும், தெருவில் விளையாடும் பிள்ளைகள் உடம்பெல்லாம் தடித்து வீங்க அழுதுகொண்டு வரும். பின்புறத்தில் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் உங்கள் வீட்டோடு நின்றுவிடும், கீரையும் சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆக, விதி முருங்கையை வேண்டாம் என்று சொல்லவில்லை, இடத்தைத்தான் மாற்றச் சொல்கிறது.

மரம் வைக்கும்போது நான் சொல்லும் கணக்கு எளிது. அது முழுதாக வளர்ந்தால் குடை எவ்வளவு அகலம் விரியும் என்று கேளுங்கள். அதில் பாதியாவது வீட்டுச் சுவரிலிருந்தும் அடுத்தவர் எல்லையிலிருந்தும் தள்ளி வையுங்கள். முப்பதுக்கு நாற்பது மனையில் இந்தக் கணக்கைப் போட்டால் ஆல், அரசு, தூங்குமூஞ்சி எல்லாம் தானாகவே விலகிவிடும். வேம்பு ஆசையாக இருக்கும், இடம் இருந்தால் வையுங்கள். மகிழம், புங்கன், சரக்கொன்றை ஆகியவை பூங்காவுக்கும் பெரிய மனைக்கும் நல்லவை. சின்ன முன்புறத்துக்குப் பவழமல்லி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி, கறிவேப்பிலை போதும். அரளியின் எல்லா பாகமும் விஷம், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். குல்மோகரும் இயல்வாகையும் பூக்கும்போது கண்கொள்ளாது. ஆனால் 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் சென்னைத் தெருக்களில் விழுந்து கிடந்தவற்றில் இவை நிறைய. மின்கம்பிக்குக் கீழே எதை வைத்தாலும், ஈ.பி. ஆட்கள் வந்து உச்சியை வெட்டிவிட்டுப் போவார்கள். பாதி மொட்டையாக நிற்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டே மீதிக் காலத்தைக் கழிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் என் சொந்தத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நுழைவாயில் ஓரம் முழுக்கப் பச்சை வேலி வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு நர்சரியில் கேட்டோம். "இதை வையுங்க சார், தண்ணியே வேணாம், ஆறே மாசத்துல சுவர் மாதிரி நிக்கும்" என்று கோனோகார்ப்பஸ் கன்றுகளை ஏற்றி அனுப்பினார்கள். சொன்னபடியே நின்றது. மூன்றாம் வருடம் வடிகால் கல் தூக்கிக்கொண்டது, உள்ளே பார்த்தால் கயிறு கயிறாக வேர். குழாய்களைத் துளைப்பதும், மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை தருவதும் இந்தச் செடிமேல் சொல்லப்படும் குற்றங்கள். குஜராத் 2023-ல் இதைத் தடை செய்தது, பிறகு தமிழ்நாட்டிலும் தடை வந்தது. ஜேசிபி வைத்து எடுத்தோம். வைத்ததைப் போலப் பல மடங்கு செலவு.

முனை வீடுகளுக்குத் தனியாக ஒன்று. திருப்பத்தில் வேலிச்செடியை மூன்றடிக்கு மேல் விடக் கூடாது என்று பல இடங்களில் விதி இருக்கும். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து மூன்றரை, நான்கடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் செடி நின்றால் குறுக்கே சைக்கிளில் வரும் பையன் தெரியமாட்டான்.

தண்ணீர், சிமெண்ட், புல்

இங்கே மழை வந்தால் சாயங்காலம் இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். 1,200 சதுர அடி மனைமேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 5,500 லிட்டர். மண் இருந்தால் ஒரு பகுதி உள்ளே இறங்கும். சேறு வேண்டாம், காரைக் கழுவ வசதி என்று நான்கு பக்கமும் சிமெண்ட் போட்டுவிட்டால் அத்தனையும் தெருவுக்கு வரும். ஒரு வீடு செய்தால் தெரியாது. நாற்பது வீடும் செய்தால், லேஅவுட்டின் தாழ்ந்த முனையில் இருப்பவர் வீட்டு வாசற்படியில் கப்பல் விடலாம். செட்பேக்கில் ஒரு பகுதியையாவது மண்ணாகவோ, இடைவெளி விட்டுப் பதித்த கல்லாகவோ வைக்கச் சொல்லும் விதி இருந்தால் அதை எதிர்க்காதீர்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. அதே மாதம் எங்கள் மூன்றாவது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அது பாலாற்றுத் தண்ணீர் இல்லை, எங்கள் போர்டிகோக்களின் தண்ணீர்.

சாய்தளமும் இதே குடும்பம். வீட்டுத் தரையை உயர்த்திக் கட்டிவிட்டு, கார் ஏற வேண்டுமே என்று சாய்தளத்தைத் தெருவில் இறக்குவார்கள். மனை எல்லையைத் தாண்டி வரும் ஒவ்வொரு அடியும் பொதுச் சாலையில் ஆக்கிரமிப்பு, அதற்கு அசோசியேஷன் அனுமதி கொடுத்தாலும் செல்லாது. வடிகாலை மூடி மேலே சிமெண்ட் பூசியிருந்தால் இன்னும் மோசம், அடைப்பு எடுக்க வழியே இருக்காது. கழற்றி மாட்டக்கூடிய இரும்புச் சட்டம் போடுங்கள். வேலை முடிந்தது.

இப்போது புல்தரை. இதில் நான் விதியின் பக்கம் இல்லை.

வேலூரைப் பற்றி ஊரார் சொல்லும் கிண்டல் தெரிந்திருக்கும்: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில். கடைசியானதை 1981-ல் ஜலகண்டேஸ்வரரை மறுபடி கோட்டைக்குள் வைத்துச் சரிசெய்துவிட்டார்கள். முதல் இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. கோடையில் நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர், சுற்றிலும் பாறை மலை வேறு ராத்திரிவரை அனல் விடும். மேட்டூரிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிறோம். இந்த ஊரில் ஒரு விற்பனைப் பிரசுரத்தில் இருந்த படத்தைப் பார்த்து "ஒவ்வொரு வீட்டின் முன்பும் பசும்புல்தரையும் இரண்டு ராயல் பாமும் (அலங்காரப் பனை) இருக்க வேண்டும்" என்று பைலாவில் எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் பைலாவில்தான்.

கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். கோடையில் புல்தரை நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாக விடுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 500 சதுர அடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். ஆக, தினம் 230 லிட்டர், பதினைந்து குடம். போர்வெல்லில் தண்ணீர் கீழே போய், மே மாதம் லாரிக்குப் போன் போடும் தெருவில் வீட்டுக்குப் பதினைந்து குடத்தைப் புல்லுக்கு ஊற்று என்கிறது விதி. புல் காய்ந்தால் அபராதம் என்று ஒரு வரி வேறு.

இந்த மாதிரி விதி அமெரிக்காவிலிருந்து வந்த நாகரிகம். அங்கே வீட்டு உரிமையாளர் சங்கங்கள் புல்லின் உயரத்தைக்கூட அளப்பார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சொல்வார்கள். அந்த நாட்டிலேயே கலிபோர்னியாவில் பெரும் வறட்சி வந்தபோது, வறட்சி நெருக்கடிக் காலத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடவில்லை என்று சங்கங்கள் அபராதம் போடக் கூடாது என 2014-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். நாம் இன்னும் பிரசுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

புல்தரைதான் வேண்டும் என்றால் நிழலில் ஒரு பாய் அளவு வைத்துக்கொள்ளலாம். வெயில் அறையும் இடத்தில் அருகம்புல் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் விடாவிட்டால் பழுத்துப்போய் முதல் மழையில் துளிர்க்கும். மீதி இடத்தில் காகிதப்பூ, சோற்றுக்கற்றாழை, சருகு மூடாக்கு. சமையலறைக் கழிவுநீரை வாழைக்கு விடலாம், தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பூந்தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள், டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

முன்புறத்தில் காய்கறி கூடாது என்றும் சில லேஅவுட்களில் இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்காதாம். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் இது. ஊதாப் பூவும் முள்ளுமாகக் கத்தரிச்செடி நிற்பது க்ரோட்டன்ஸை விட எந்த வகையில் குறைச்சல் என்று எனக்குப் புரிந்ததில்லை.

வாசல்

வண்ண விதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரே வரிசை வில்லாக்களில் குறிப்பிட்ட நான்கைந்து வண்ணங்களுக்குள் அடிக்கச் சொல்வது வழக்கம். தனி மனைகளில் பெரும்பாலும் இருக்காது. அடர்சாம்பல் எலிவேஷன் இப்போது மோஸ்தர். மேற்கு பார்த்த சுவரில் அதை அடித்தால் வெப்பத்தை வாங்கி ராத்திரி படுக்கையறைக்குள் விடும். வெளிர் நிறம் அடியுங்கள், மொட்டை மாடிக்கு வெள்ளை.

நம் வீடுகளுக்கென்று சில பொருள்கள் வாசலில் உண்டு. கோலம், துளசி மாடம், திருஷ்டிப் பூசணி, மாவிலை, கார்த்திகை விளக்கு, ரம்ஜானுக்குப் போடும் சீரியல் விளக்கு, கிறிஸ்துமஸ் நட்சத்திரம். வெளியூரிலிருந்து நகலெடுத்த விதிப்புத்தகத்தில் "வெளிச்சுவரில் எந்த அலங்காரமும் தொங்கவிடக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். அப்படியே அமல்படுத்தினால் ஒரு வருடத்தில் தெருவில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். எங்கள் இடத்தில் பண்டிகை அலங்காரத்துக்கு நாள் கணக்கு மட்டும் வைத்தோம். வாசற்படிக்கு உள்ளே இருப்பதைக் கேட்பதில்லை. கல்யாணப் பந்தலுக்குத் தெருவில் குழி தோண்டினால் மூடித் தர வேண்டும், அதற்கு ஒரு முன்பணம். இதுவரை ஒருமுறைதான் திருப்பித் தராமல் பிடித்துவைக்க வேண்டி வந்தது.

மனு எழுதுவது, விதியை மாற்றுவது

வெளிப்புறத்தில் எதையாவது மாற்றப்போகிறீர்கள் என்றால் வேலை தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மனையின் கைவரைபடம், எங்கே என்ன வருகிறது, எந்த மரம், எவ்வளவு உயரச் சுவர், மணலும் ஜல்லியும் எங்கே கொட்டப்போகிறீர்கள், எத்தனை நாள். கொடுத்ததற்கு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். "செய்யுங்க சார், பாத்துக்கலாம்" என்று செயலாளர் நடைப்பயிற்சியில் சொன்னது அடுத்த செயலாளர் வந்ததும் காற்றில் போய்விடும். மறுத்தால் எந்த விதிப்படி என்று எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கமிட்டியில் இருந்தபோது இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பாதி மறுப்புகளைக் கிழித்துப்போட்டிருக்கிறேன்.

விதி பொருந்தவில்லை என்றால் மீறிவிட்டுச் சண்டை போடுவதைவிட மாற்றப் பாருங்கள். பொதுக்குழுவுக்கு முன்பே நாலைந்து வீட்டில் பேசி, மாற்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோக வேண்டும். "புல்தரை விதியை எடுக்கவும்" என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். "பசும்புல்தரை என்பதற்குப் பதில் மண்ணை மூடும் எந்தச் செடியும், சிமெண்ட் நீங்கலாக" என்று எழுதிக் கொடுத்தால் பேச ஒரு பொருள் கிடைக்கும்.

இந்த வாசகத்தை எழுதியது நானில்லை, வாத்தியார் ஐயா. முருங்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பீரோவில் இருந்த பட்டியலை வீட்டுக்கு வீடு கொடுத்தோம். அவர் போத்தைப் பிடுங்கிப் பின்புறம் சம்பிலிருந்து தள்ளி நட்டுக்கொண்டார். பிறகு பைலாவின் நகல் கேட்டார். ஒரு வாரம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து சந்திப்பிழைகளையும் சேர்த்தே திருத்தினார். புல்தரைத் தீர்மானம் தை மாதப் பொதுக்குழுவில் நிறைவேறியது, இப்போது பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. ராயல் பாம் பற்றிய வரியை மட்டும் எடுக்க முடியவில்லை. முதல் தெருவில் ஏற்கெனவே வைத்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம்.